வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? சத்தத்தைக் கேட்டுப் பழுதைப் பிடிக்கும் வழி

"அண்ணே, நேத்து ராத்திரி நல்லாத்தான் ஓடுச்சு. காலையில எடுத்தா ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது." எங்கள் ஒர்க்ஷாப்புக்கு வரும் போன்களில் இதுதான் அதிகம். திருப்பிக் கேட்க என்னிடம் இருப்பது ஒரே கேள்வி: சாவியைத் திருப்பினால் என்ன சத்தம் வருகிறது? சத்தமே இல்லையா, டக்டக்கென்று அடிக்கிறதா, செல்ஃப் (எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லையா? மூன்றும் மூன்று வேறு பழுதுகள். அதைக் கவனிக்காமல் பேட்டரி போய்விட்டது என்று முடிவுகட்டி, புதுசு வாங்கி மாட்டிய பிறகும் வண்டி அதே இடத்தில் நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

உங்கள் வண்டியின் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், கையைக் கடிக்கும் காரணம் கடைசியில். பெட்ரோல், டீசல் கார்களுக்கானது இது. எலெக்ட்ரிக் காருக்குப் பொருந்தாது.

கையில் வேண்டியவை: பத்தாம் நம்பர் ஸ்பேனர், டார்ச், ஜம்பர் கேபிள், டிஜிட்டல் மல்டிமீட்டர். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். தேவையில்லாத ஒரே ஒரு பேட்டரியை வாங்காமல் தடுத்தாலே போட்ட காசு வந்துவிடும்.

எந்தச் சோதனைக்கும் முன்னால் கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். செல்ஃபை ஒரு தடவைக்கு 10 நொடிக்கு மேல் அடிக்காதீர்கள். அடுத்த தடவைக்கு முன்னால் அரை நிமிடமாவது இடைவெளி விடுங்கள். விடாமல் அடித்தால் செல்ஃப் மோட்டார் கருகும், மிச்சமிருக்கும் பேட்டரியும் இறங்கும். ஒரு பழுதோடு வந்த வண்டி இரண்டு பழுதோடு நிற்பது இப்படித்தான்.

சாவியைத் தொடவே கூடாத இரண்டு நேரங்கள்

*தண்ணீரில் நின்ற வண்டி*

2015 டிசம்பரில் சென்னையில், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் சென்னையில், அதே மாதம் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடிப் பக்கம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. இந்த வெள்ளங்களில் தண்ணீரில் நின்றதால் மட்டும் கெட்ட எஞ்சின்கள் குறைவு. வடிந்த மறுநாள் "ஓடுதான்னு பாப்போம்" என்று சாவியைத் திருப்பியதால் கெட்டவைதான் ஏராளம்.

ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால் பிஸ்டன் மேலே வரும்போது அது அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சில ஆயிரத்தில் முடிய வேண்டிய வேலை எஞ்சினைப் பிரிக்கும் வேலையாக மாறிவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே சுரங்கப்பாதைத் தண்ணீரில் எஞ்சின் அணைந்துவிட்டாலும் இதே கதைதான். அங்கேயே மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள்.

சக்கரத்தின் பாதிக்கு மேல் தண்ணீர் ஏறியிருந்தால் செய்ய வேண்டியது: தண்ணீர் வடிந்ததும் பேட்டரியின் மைனஸ் கேபிளைக் கழற்றிவிடுங்கள். தண்ணீர் எதுவரை ஏறியது என்ற தடம் தெரியும்படி உள்ளேயும் வெளியேயும் போட்டோ எடுங்கள், இன்சூரன்ஸுக்கு வேண்டும். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஃபில்டர் ஈரமாக இருந்தாலோ, டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் ஊற்றிய காபி மாதிரி இருந்தாலோ வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். ஒர்க்ஷாப்பில் பிளக்கை, டீசலானால் இன்ஜெக்டரையோ ஹீட்டர் பிளக்கையோ கழற்றி, தண்ணீரை வெளியேற்றி, ஆயிலையும் ஃபில்டர்களையும் மாற்றிய பிறகே எஞ்சினைச் சுற்றுவார்கள்.

தண்ணீர் புகுந்த பிறகு ஸ்டார்ட் செய்ததால் எஞ்சின் கெட்டால், எஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆன் இல்லாத பாலிசியில் அந்தச் செலவு பெரும்பாலும் கிடைக்காது. உங்கள் பாலிசியில் அது இருக்கிறதா என்று மழைக்காலத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

*மாற்றி எரிபொருள் போட்ட வண்டி*

டீசல் வண்டியில் பெட்ரோல் ஊற்றிவிட்டார்களா? பங்கிலேயே தெரிந்துவிட்டால் அதிர்ஷ்டம். இக்னிஷனைக்கூட ஆன் செய்யாமல் ஓரமாகத் தள்ளிவிடுங்கள், பல வண்டிகளில் சாவியை ஆன் செய்ததுமே டேங்க் பம்ப் ஓட ஆரம்பித்துவிடும். டேங்கைக் காலி செய்து கழுவினால் அதோடு போச்சு. ஓட்டிவிட்டால் ஹை பிரஷர் பம்பும் இன்ஜெக்டர்களும் சேர்ந்து போகும். பெட்ரோல் வண்டியில் டீசல் ஊற்றினால் சேதம் குறைவு, ஆனாலும் டேங்கைக் காலி செய்தே ஆக வேண்டும்.

மீட்டர் போர்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை

ஹார்ன் இல்லை, உள் விளக்கும் இல்லை, வண்டி மொத்தமாகச் செத்துக் கிடக்கிறது. பானெட்டைத் திறந்து பேட்டரி டெர்மினல் இரண்டையும் கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள். கையோடு ஆடினால் பழுது அதுதான். இறுக்கியதும் விளக்கு வந்துவிடும்.

ஆடவில்லை என்றால் மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்துப் பேட்டரியை அளங்கள். 12 வோல்ட்டுக்கு மேல் காட்டியும் விளக்கு எரியாவிட்டால் பிளஸ் டெர்மினல் பக்கமுள்ள மெயின் பியூஸ் போயிருக்கலாம். அது சும்மா போகாது, எங்கோ ஷார்ட் ஆகியிருக்கிறது. புது பியூஸ் போட்டு அடுத்த நிமிடமே அதுவும் போனால் ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள். 5, 6 வோல்ட்தான் காட்டுகிறது என்றால் பேட்டரி அடியோடு இறங்கிவிட்டது. அடுத்த தலைப்பைப் பாருங்கள்.

டக்டக்டக் என்று வேகமாக அடிக்கிறது, அல்லது செல்ஃப் முக்கி முக்கிச் சுற்றுகிறது

அதிகம் வருவது இதுதான். செல்ஃப் அடிக்கும் நேரத்தில் மீட்டர் போர்டு விளக்கு மங்கிப்போகும். செல்ஃபுக்குப் போதுமான கரண்ட் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். காரணம் பேட்டரியாக இருக்கலாம், பேட்டரிக்கும் செல்ஃபுக்கும் நடுவில் உள்ள இணைப்பாகவும் இருக்கலாம். முதலில் இணைப்பு.

*டெர்மினல்*

பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்தால் போதாது. மேலே சுத்தமாக இருக்கும், கழற்றினால்தான் வளையத்தின் உள்பக்கம் ஒரு கருப்புப் படலம் தெரியும். தொட்டால் விரலில்கூட ஒட்டாது, சிகரெட் அட்டை அளவுக்கும் கனம் இருக்காது. விளக்குக்கும் ஹார்னுக்கும் வேண்டிய சிறு கரண்ட்டை அது விட்டுவிடும். செல்ஃப் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும்போது மறித்துவிடும். விளக்கு பளிச்சென்று எரிந்து, சாவியைத் திருப்பியதும் எல்லாம் ஒரேயடியாக அணைகிறதென்றால் என் சந்தேகம் முதலில் இங்கேதான் போகும்.

கழற்றும்போது மைனஸை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது மைனஸைக் கடைசியில் மாட்டுங்கள். மாற்றிச் செய்தால் பிளஸில் இருக்கும் ஸ்பேனர் பாடியில் பட்டு நெருப்பு பறக்கும். ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா கரைத்து ஊற்றினால் பூத்த பொடி நுரைத்துக்கொண்டு கரையும். பேட்டரி மூடித் துவாரத்துக்குள் அது போய்விடக் கூடாது. பிறகு பேட்டரி முனையையும் வளையத்தின் உள்பக்கத்தையும் ஈயம் பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். கிரீஸையோ வாசலினையோ தடவிவிட்டு மாட்டுவது தவறு. மாட்டி முடித்த பிறகுதான் தடவ வேண்டும்.

*பேட்டரியை அளப்பது*

இரவு முழுக்க நின்ற வண்டியில், எதையும் ஆன் செய்யாமல் அளங்கள். 12.6 இருந்தால் முழு சார்ஜ். 12.4 பரவாயில்லை. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. அப்புறம் ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள். 9.6க்குக் கீழே விழக் கூடாது. நிற்கும்போது 12.5 காட்டி, அடிக்கும்போது 7, 8க்கு விழுந்தால் பேட்டரி உள்ளுக்குள் போய்விட்டது. சார்ஜ் போட்டும் 10.5 பக்கத்திலேயே நின்றால் ஒரு செல் செத்துவிட்டது. இந்த இரண்டுக்கும் புது பேட்டரியைத் தவிர வழியில்லை.

மூடி திறக்கும் வகை பேட்டரியில் தண்ணீர் மட்டத்தையும் பாருங்கள். குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும். ஆசிட் ஊற்றினால் பலம் வரும் என்று சொல்பவரிடம் பேட்டரியைக் கொடுக்காதீர்கள்.

*ஜம்பர் போடுவது*

உதவிக்கு வரும் வண்டியும் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும். லாரி, பஸ் பெரும்பாலும் 24 வோல்ட், அவற்றிலிருந்து எடுத்தால் உங்கள் வண்டியின் எலெக்ட்ரானிக்ஸ் காலி. சிவப்பை முதலில் இறங்கிய பேட்டரியின் பிளஸில், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸில். கருப்பை நல்ல பேட்டரியின் மைனஸில், அதன் மறுமுனையை உங்கள் எஞ்சினின் பெயின்ட் இல்லாத இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி மாட்டுங்கள். ஐந்து நிமிடம் அந்த வண்டி ஓடட்டும். பிறகு செல்ஃப் அடியுங்கள். கழற்றும்போது இதையே தலைகீழாக. எஞ்சின் பிடித்ததும் உடனே அணைக்காமல் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள்.

தள்ளி ஸ்டார்ட் செய்வது மேனுவல் கியர் வண்டிக்கு மட்டும்தான். சாவியை ஆன் செய்து, இரண்டாவது கியரில் கிளட்சை மிதித்தபடி தள்ளச் சொல்லி, வேகம் வந்ததும் கிளட்சை விடுங்கள். ஆட்டோமேட்டிக்கிலும், கிளட்ச் பெடல் இல்லாத ஏஎம்டியிலும் இது நடக்காது. விளக்கே எரியாத அளவுக்குப் பேட்டரி இறங்கியிருந்தால் மேனுவலிலும் வீண் வேலை, ஏனென்றால் பெட்ரோல் பம்புக்கும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவுக்கும் கொஞ்சமாவது கரண்ட் வேண்டும்.

*ஸ்டார்ட் ஆகிவிட்டதா? அதோடு விடாதீர்கள்*

எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். 13.2க்குக் கீழே என்றால் ஆல்டர்னேட்டர், நம் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் டைனமோ என்று சொல்வது, சார்ஜ் தரவில்லை. பெல்ட் தளர்ந்திருக்கலாம், வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரோ, உள்ளே தேயும் கார்பனோ போயிருக்கலாம். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, புது பேட்டரியையும் அது தின்றுவிடும். சார்ஜைத் தேவைக்கேற்பக் குறைக்கும் புது மாடல்களில் ஹெட்லைட்டையும் ஏசியையும் போட்டுவிட்டு அளந்தால்தான் சரியான எண் தெரியும்.

வண்டி ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழற்றி டைனமோவைச் சோதிக்கும் பழக்கம் ரோட்டோர மெக்கானிக்குகளில் சிலருக்கு இன்னும் இருக்கிறது. அம்பாசிடர் காலத்தில் அது தப்பித்தது. இன்றைய வண்டியில் டயோடும் ஈசியூவும் போகும். யாராவது அதற்குக் கையை நீட்டினால் தடுத்துவிடுங்கள்.

ஒரே ஒரு டக், அதோடு சரி

விளக்கு மங்கவில்லை, ஆனால் கனமான ஒரு டக் மட்டும் கேட்கிறது. டெர்மினல் சுத்தம், பேட்டரியும் 12.4க்கு மேல். அப்படியானால் வரிசை இது.

முதலில் எர்த். பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கும், பாடியிலிருந்து எஞ்சினுக்கும் போகும் பட்டை துருப்பிடித்தோ தளர்ந்தோ இருக்கலாம். கடலோர ஊர்களில் இது சகஜம். ஜம்பர் கேபிளின் கருப்பு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் மாட்டி செல்ஃப் அடியுங்கள். இப்போது சுற்றினால் எர்த் பட்டைதான் பழுது. மாற்ற ஆகும் செலவு சொற்பம்.

அடுத்து செல்ஃப் மோட்டார். ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்க, இன்னொருவர் வீல் ஸ்பேனரின் முனையால் மோட்டார் உடம்பை லேசாகத் தட்டட்டும். பெல்ட், ஃபேன் பக்கம் கை போகக் கூடாது. தட்டியதும் சுற்றினால் கார்பன் தேய்ந்திருக்கிறது அல்லது சாலினாய்டு (மோட்டாருக்குக் கரண்ட்டை விடும் காந்த சுவிட்ச்) ஒட்டுகிறது. இன்று வீட்டுக்குப் போய்ச் சேர இது உதவும், நாளைக்கு நம்ப முடியாது. கார்பன், புஷ், சாலினாய்டு மூன்றும் தனித்தனியாகவே மாற்றக் கிடைக்கும். முழு செல்ஃபையும் மாற்றச் சொன்னால், கழற்றிய பழையதைக் காட்டச் சொல்லிவிட்டு முடிவெடுங்கள்.

கடைசியாக ஒன்று. சம தரையில், இக்னிஷன் ஆஃப், டாப் கியர், ஹேண்ட் பிரேக் விடுதலை. வண்டியை முன்னே தள்ளுங்கள். கனமாகவாவது நகர்ந்தால் எஞ்சின் சுற்றுகிறது. சுவரைத் தள்ளுவது மாதிரி அசையவே இல்லை என்றால் எஞ்சின் சுற்ற முடியாமல் இறுகிவிட்டது. மேற்கொண்டு செல்ஃப் அடிக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

விளக்கு பளிச்சென்று இருக்கிறது, டக் சத்தம்கூட இல்லை

செல்ஃபுக்கு உத்தரவே போகவில்லை. பணம் செலவழிக்கும் முன் காலடியைப் பாருங்கள். கிளட்சை முழுக்க மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் வண்டிகள் இப்போது நிறைய. ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்ட கால்மிதி பெடலுக்கு அடியில் சுருண்டிருந்தால் கடைசி அரை அங்குலம் போகாது. மிதியை இழுத்து எறிந்துவிட்டு மறுபடி மிதித்துப் பாருங்கள்.

ஆட்டோமேட்டிக்கா? பார்க்கில் எடுக்காவிட்டால் நியூட்ரலுக்கு மாற்றி முயலுங்கள். நியூட்ரலில் எடுத்தால் கியர் சுவிட்சில் கோளாறு. பட்டன் ஸ்டார்ட்டில் பிரேக்கை மிதித்தும் வண்டி கண்டுகொள்ளவில்லையென்றால், பின்னால் பிரேக் லைட் எரிகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எரியாவிட்டால் பிரேக் சுவிட்ச்தான், விலை குறைந்த பொருள்.

சாவி கண்டறியப்படவில்லை என்று திரையில் வந்தால் சாவிக்குள் இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்திருக்கும். பெரும்பாலும் சிஆர் 2032, கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும். அதுவரைக்கும் சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து, சாவியாலேயே பட்டனை அழுத்துங்கள். பல வண்டிகளில் எடுத்துவிடும்.

இவை எதுவும் இல்லையா? பியூஸ் பெட்டியில் ஸ்டார்டர் ரிலேவையும் ஹார்ன் ரிலேவையும் பாருங்கள் (ரிலே என்பது கரண்ட்டை ஆன், ஆஃப் செய்யும் சிறு சுவிட்ச் பெட்டி). மேலே ஒரே எண் போட்டிருந்தால் இடம் மாற்றிப் போடலாம். ஸ்டார்ட் ஆகி ஹார்ன் அடிக்காமல் போனால் பழுதைப் பிடித்துவிட்டீர்கள். வெளியில் மாட்டிய அலாரம், ரிமோட் லாக் உள்ள வண்டியில் அந்த வயரிங்கைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். செல்ஃப் லைனை வெட்டி நடுவில் கொடுத்த இணைப்பு சில வருடங்களில் விட்டுப்போகும். இக்னிஷன் சுவிட்ச், ஈசியூ எல்லாம் எலெக்ட்ரீஷியன் வேலை.

செல்ஃப் ஜோராகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

இங்கே பேட்டரியை மறந்துவிடுங்கள். அது நன்றாக இருப்பதால்தான் சுற்றுகிறது. இதில் நேரம் பிடிக்கும், அதனால் பொறுமையாக ஒவ்வொன்றாக.

*மீட்டர் போர்டில் சாவிப் படம் மினுக்குகிறதா?* திருட்டைத் தடுக்கும் இமொபிலைசர் சாவியை ஒத்துக்கொள்ளவில்லை. கொத்திலுள்ள மற்ற சாவிகளைப் பிரித்துவிட்டு முயலுங்கள், வீட்டிலிருக்கும் இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் மினுக்கினால் கம்பெனி சர்வீஸ் சென்டர்தான்.

*பெட்ரோல் இருக்கிறதா?* சிரிக்காதீர்கள். மிதவை ஒட்டிக்கொண்டு, காலி டேங்கிலும் முள் மேலேயே நிற்கும் வண்டிகள் உண்டு. சரிவில் நிறுத்தியிருந்தால் கொஞ்ச நஞ்சம் இருப்பதும் பம்புக்கு எட்டாது. சிஎன்ஜி வண்டியானால் சுவிட்சை மற்ற எரிபொருளுக்கு மாற்றி முயலுங்கள்.

*பம்ப் ஓடுகிறதா?* கதவை மூடி, ஏசி ஃபேனை நிறுத்தி, சாவியை ஆனில் மட்டும் வையுங்கள். பின் சீட்டுப் பக்கத்திலிருந்து இரண்டு நொடி 'ஙொய்' என்று ஒரு சத்தம் வந்து நிற்க வேண்டும். வரவில்லையென்றால் பியூஸ், பிறகு ரிலே, மேலே சொன்ன இடமாற்றச் சோதனைதான். பியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியரில் புதுசு போடுங்கள். சாக்லேட் தாளைச் சுற்றிப் போடுவது வயரிங்குக்கே கொள்ளி வைப்பது. பழைய ஃபோர்டு கார்கள் சிலவற்றில் மோதலின்போது பம்பை நிறுத்தும் ஒரு சுவிட்ச் இருக்கும். பெரிய பள்ளத்தில் இறங்கினாலும் தட்டிவிடும். அதன் தலையை அழுத்தினால் போதும். எல்லாம் சரியாயிருந்தும் சத்தமில்லையென்றால் பம்ப் மோட்டார்.

*பெட்ரோல் வாடை வீசுகிறதா?* எஞ்சினில் பெட்ரோல் அதிகமாகிவிட்டது. ஷெட்டிலிருந்து இரண்டு அடி நகர்த்தி உடனே அணைத்த வண்டியில் இது வரும். ஆக்ஸிலரேட்டரைத் தரைவரை மிதித்துப் பிடித்தபடி 10 நொடி செல்ஃப் அடியுங்கள். அந்த நிலையில் இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திவிடும், காற்று மட்டும் உள்ளே போகும். பிடித்ததும் காலை எடுங்கள். இப்படிப் பழுது பார்க்கும் நேரம் தவிர ஸ்டார்ட் செய்யும்போது ஆக்ஸிலரேட்டரை மிதிக்கத் தேவையில்லை.

*எலி.* மழை தொடங்கியதும் எங்களுக்கு வரும் வேலைகளில் முன்வரிசை இதற்குத்தான். ஒரு காரில் பானெட்டைத் திறந்தபோது எஞ்சின் கவர்மேல் தேங்காய்ச் சில்லு, பாதி தின்ற குளியல் சோப்பு, பக்கத்திலேயே வெள்ளைப் பஞ்சு, பானெட்டின் உள்பக்க விரிப்பிலிருந்து பிய்த்தது. மூன்றாவது சிலிண்டரின் இக்னிஷன் காயிலுக்கு (பிளக்குக்குத் தீப்பொறி தருவது) போகும் வயர் கனெக்டரிலிருந்து இரண்டு விரல் தள்ளி அறுந்திருந்தது, செம்பு நுனி பளபளவென்று. இன்ஜெக்டர் வயரிலும் பல் பட்டிருந்தது. டார்ச் அடித்து காயில், இன்ஜெக்டர், சென்சார் வயர்களை அடிவரை பாருங்கள். அறுந்ததை முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த மழைக்குத் திரும்ப வரும். ஈயம் வைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடச் சொல்லுங்கள். பானெட்டுக்குள் புகையிலை கட்டி வைப்பது வாடை இருக்கும்வரைதான். வண்டி நிறுத்தும் இடத்தில் குப்பையை ஒழிப்பதும் தினம் வண்டியை எடுப்பதும்தான் நான் பார்த்தவரை பலன் தருகிறது.

*வாட்டர் வாஷ் முடிந்த கையோடு எடுக்கவில்லையா?* காயில், கனெக்டர்களில் ஈரம். கழற்றித் துடைத்து, ஒரு மணி நேரம் வெயிலில் பானெட்டைத் திறந்து வையுங்கள்.

*செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சம்கூட அசையவில்லையா?* எஞ்சின் சுற்றுவதை ஈசியூவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சார்மேல் சந்தேகப்படலாம். ஸ்கேனர் போட்டால் பி0335 என்ற பழுதுக் குறியீடு வரலாம். குறியீடு இல்லாததாலேயே சென்சார் நல்லது என்றும் ஆகிவிடாது.

*சத்தம் வழக்கத்தைவிட வேகமாக, தடையில்லாமல் 'விர்ர்' என்று வருகிறதா?* நிறுத்துங்கள். டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். மாருதி 800, பழைய சான்ட்ரோ போன்ற பெல்ட் எஞ்சின்களில் இதை மறக்கக் கூடாது. சில எஞ்சின்களில் இன்னொரு தடவை சுற்றினாலே வால்வு வளையும். இனி மெக்கானிக் பாடு.

*டீசல் என்றால்* சுருள் படம் போட்ட விளக்கு அணையும்வரை காத்திருந்து அடியுங்கள். டேங்க் காலியாகி நின்ற வண்டியில் டீசல் ஊற்றினாலும் பைப்பில் காற்று புகுந்து ஏர் லாக் ஆகியிருக்கும். ஃபில்டர்மேல் கைப் பம்ப் இருந்தால் அது கெட்டியாகும்வரை அழுத்திவிட்டு அடியுங்கள். தண்ணீர் விளக்கு எரிந்தால் ஃபில்டர் அடியிலுள்ள திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடியுங்கள். பழைய டிராக்டரில் செய்வதுபோல இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கப் போகாதீர்கள். இன்றைய டீசல் வண்டியின் காமன் ரெயில் குழாயில் அழுத்தம் ஆயிரம் பாரையும் தாண்டும், பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

பிடிக்கிறது, இரண்டு நொடியில் அணைகிறது

சாவிப் படம் மினுக்கினால் இமொபிலைசர். மினுக்கவில்லையென்றால் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். மிதிக்கும்வரை ஓடி, விட்டதும் அணைந்தால் எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் பாடியில் அழுக்கு. கிளீனர் போட்டுச் சுத்தம் செய்தால் சரியாகும். மிதித்தாலும் அணைந்தால் ஏர் ஃபில்டரைப் பாருங்கள், பிறகு பெட்ரோல் பிரஷர் அளக்க வேண்டும். அதற்குத் தனி கேஜ் வேண்டும், ஒர்க்ஷாப்பில்தான் இருக்கும்.

பெட்ரோல் போட்ட கொஞ்ச நேரத்திலேயே இது ஆரம்பித்ததென்றால் பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கலாம். ஒரு கண்ணாடி பாட்டிலில் எடுத்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் சேர்ந்தால் அடியில் தனி அடுக்காகப் பிரிந்து நிற்கும். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

காலையில் எடுக்கும், சூட்டில் நிறுத்தினால் எடுக்காது

டீ குடிக்க நிறுத்தினால் இருபது நிமிடம் கழித்துத்தான் எடுக்கும். செல்ஃப் நன்றாகச் சுற்றினால் கிராங்க் சென்சார், அடுத்து இக்னிஷன் காயில். செல்ஃபே சுற்றவில்லையென்றால் சூட்டில் சாலினாய்டு மக்கர் செய்கிறது. பழுது இருக்கும்போதே பார்த்தால்தான் தெரியும். குளிர்ந்த வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் மெக்கானிக் "ஒண்ணும் இல்லையே" என்றுதான் சொல்வார்.

இரண்டு நாள் நின்றாலே பேட்டரி இறங்குகிறது

பேட்டரி புதுசு, சார்ஜிங்கும் சரி. அப்படியானால் நிற்கும்போதே ஏதோ கரண்ட் குடிக்கிறது. டிக்கி விளக்கு அணையாமல் எரிகிறதா என்று போனை வீடியோவில் போட்டு உள்ளே வைத்து மூடிப் பாருங்கள். டேஷ்கேமரா, ஜிபிஎஸ், பின்னால் போட்ட ஸ்டீரியோ, ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இரண்டு நாள் நிறுத்திப் பார்ப்பது காசில்லாத சோதனை.

மீட்டரில் பார்ப்பதானால் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, மைனஸ் கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இணையுங்கள். வண்டி பூட்டி அரை மணி நேரம் ஆன பிறகு 50 மில்லிஆம்பியருக்குக் கீழே வர வேண்டும். கூடுதலாக இருந்தால் ஒவ்வொரு பியூஸாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் எண் விழுகிறதோ அந்த லைனில்தான் கோளாறு. மீட்டர் இணைப்பில் இருக்கும்போது செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டரோ அதன் பியூஸோ போய்விடும்.

மெக்கானிக்கைக் கூப்பிடும்போது

என்ன சத்தம், எந்த விளக்கு, பேட்டரி எத்தனை வோல்ட், அதற்கு முன் வண்டியில் என்ன வேலை நடந்தது. புது ஸ்டீரியோ மாட்டியது, வாட்டர் வாஷ், வேறு பங்கில் பெட்ரோல் போட்டது, இதெல்லாம் சேர்த்துச் சொன்னால் ஆள் சரியான பொருளோடு வருவார், இரண்டாவது நடை மிச்சம்.

தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033க்கு அழைத்தால் சுங்கச்சாவடியின் மீட்பு வண்டி வரும். அதுவரை வண்டியை ஓரம்கட்டி, நான்கு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு, நீங்கள் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியை நான்கு சக்கரமும் மேலே ஏறும் ரெக்கவரி வண்டியில்தான் ஏற்ற வேண்டும். மேனுவலைக் கயிறு கட்டி இழுப்பதானால் சாவியை ஆனில் வையுங்கள், இல்லாவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். எஞ்சின் ஓடாததால் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல்லாக இருக்கும், முழுப் பலத்தோடு மிதிக்கக் கூடியவரை உட்கார வையுங்கள்.